இரண்டு ஹை ரெஃப்ரெஷ் மானிட்டர்கள்: எதை எந்தப் போர்ட்டில் செருகுவது, என்ன கேபிள் வாங்குவது?

கேள்வியின் சாரம்: ஒரு 4கே 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும்) மானிட்டர், பக்கத்தில் ஒரு 1440பி 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். கிராபிக்ஸ் கார்டில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட் 1.4, ஒரு எச்டிஎம்ஐ 2.1 போர்ட். 4கே மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டில் செருகியும் 60 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. கையிலிருந்த பழைய எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த 1440பி மானிட்டர் 144-க்கு மேல் ஏறவில்லை. அதோடு அவ்வப்போது திரை ஓரிரு விநாடி கறுத்துத் திரும்புகிறது. கார்டில் கோளாறா, கேபிளில் கோளாறா, எதை மாற்றுவது?

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மானிட்டர்களையும் டிஸ்ப்ளேபோர்ட்டிலேயே இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள், நடுவில் அடாப்டரோ, பல போர்ட்டுகளைத் தரும் டாக் எனும் இடைப்பெட்டியோ இல்லாமல் நேராகக் கார்டுக்கு. கேபிளின் நீளம் 2 மீட்டருக்குள் இருக்கட்டும். வாங்கும்போது டிபி8கே சான்று (டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இன் முழு வேகத்துக்கானது) உள்ளதா என்று பாருங்கள். பிறகு 4கே மானிட்டரின் மெனுவைத் திறந்து டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.2 என்று இருந்தால் 1.4-க்கு மாற்றுங்கள். உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும். கார்டு பழுது என்று முடிவுகட்ட இதுவரை எந்தக் காரணமும் இல்லை.

இனி ஏன் என்று பார்ப்போம். இந்தக் கணக்கு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அடுத்த மானிட்டர் வாங்கும்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பதிப்பு எண்ணை விடுங்கள், கிகாபிட்டைப் பாருங்கள்

ஒரு மானிட்டருக்கு விநாடிக்கு எவ்வளவு தரவு போக வேண்டும் என்பது சாதாரணப் பெருக்கல்தான்: அகலம் × உயரம் × ஹெர்ட்ஸ் × ஒரு பிக்சலுக்கான பிட். 8 பிட் வண்ணத்தில் பிக்சலுக்கு 24 பிட். ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆருக்குப் பயன்படும் 10 பிட் வண்ணத்தில் 30 பிட்.

உங்கள் 4கே மானிட்டரையே எடுத்துக்கொள்வோம். 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் 82,94,400 பிக்சல். அதை 144-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் விநாடிக்கு 28.67 கிகாபிட். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே கொஞ்சம் வெற்று நேரம் விட வேண்டியிருப்பதால் அதையும் சேர்த்தால் 31.35 ஆகிறது. மானிட்டர் பயன்படுத்தும் டைமிங்கைப் பொறுத்து இது சற்றே கூடும், குறையும். ஆனால் எந்தப் போர்ட் தாங்கும், எது தாங்காது என்று முடிவு செய்ய இந்தத் துல்லியம் போதும். இனி வரும் எண்களெல்லாம் விநாடிக்கு எத்தனை கிகாபிட் என்ற கணக்கு.

8 பிட் வண்ணத்தில் 1440பி (2560 × 1440) திரைக்கு 120 ஹெர்ட்ஸில் 11.59, 144-இல் 14.08, 165-இல் 16.30, 240-இல் 24.62 வேண்டும். 4கே திரைக்கு 60 ஹெர்ட்ஸில் 12.54, 120-இல் 25.82, 144-இல் 31.35, 240-இல் 54.84. 1080பி 240 ஹெர்ட்ஸுக்கு 14.00. 10 பிட் என்றால் ஒவ்வொன்றிலும் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது போர்ட். பெட்டியில் அச்சிடும் எண் ஒன்று, படத்துக்கு உண்மையில் கிடைப்பது ஒன்று. டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் 21.6 என்பார்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டு முறைக்கே போய்விடும், மிஞ்சுவது 17.28. டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இன் 32.4-இல் மிஞ்சுவது 25.92. எச்டிஎம்ஐ 2.0-இன் 18-இல் மிஞ்சுவது 14.4. எச்டிஎம்ஐ 2.1 முழு வேகமான 48-இல் ஓடினால் கிடைப்பது சுமார் 42.6.

இப்போது உங்கள் மானிட்டர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டன என்று பாருங்கள். 1440பி மானிட்டரில் உள்ளது எச்டிஎம்ஐ 2.0 போர்ட். 165 ஹெர்ட்ஸுக்கு 16.30 வேண்டும், போர்ட்டில் இருப்பதோ 14.4. எனவே பட்டியலில் 165 வரவே வராது. 144-க்கு 14.08 என்பதால் மயிரிழையில் நுழைந்துவிடுகிறது. ஆனால் பழைய ஹை ஸ்பீடு வகைக் கேபிள் சோதிக்கப்பட்டதே 10.2 வரைக்கும்தான், அதில் 18-ஐ ஒட்டிய வேகத்தில் சிக்னலை ஓட்டினால் இடையிடையே அறுபடும், மானிட்டர் மறுபடி பிடித்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான். 4கே மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது: 17.28-க்குள் 60 ஹெர்ட்ஸ் அடங்கும், 120 அடங்காது. மெனுவில் 1.2 என்று வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். கேபிள் தரம் போதாமல் கார்டும் மானிட்டரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் இப்படித்தான் ஆகும்.

31.35 எப்படி 25.92-க்குள் போகிறது?

4கே 144-க்கு 31.35 வேண்டும், டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் இருப்பது 25.92. இந்த இடைவெளியை நிரப்புவது டிஎஸ்சி என்கிற சுருக்க முறை. கார்டு படத்தைச் சுருக்கி அனுப்பும், மானிட்டர் அதே கணத்தில் விரித்துக் காட்டும். அளவு குறைந்து மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும் வரை சுருக்கலாம். விளையாட்டிலோ எழுத்திலோ கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். தாமதமும் உணரும் அளவுக்கு இல்லை. டிஎஸ்சி என்றாலே படம் கெடும் என்று பயந்து அதை ஒதுக்குவது வீண்.

ஆனால் டிஎஸ்சி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்று எழுதியிருப்பதால் மட்டும் அந்த மானிட்டரில் டிஎஸ்சி இருக்கிறது என்று பொருளல்ல. அந்தப் பதிப்பில் அது விருப்ப அம்சம்தான். கார்டு பக்கம் என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்தும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 5000 வரிசையிலிருந்தும் உண்டு. ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருக்கும், டிஎஸ்சி இருக்காது. அந்தக் கார்டோடு 4கே 144 மானிட்டரை இணைத்தால் 8 பிட்டில் 120 ஹெர்ட்ஸ்தான் எல்லை: 25.82, கிட்டத்தட்ட முழு அளவும் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் வண்ணத் தகவலைப் பாதியாக்கும் 4:2:2 முறைதான் வழி. படம் பார்க்க அது பரவாயில்லை. ஆனால் எழுத்துகளின் ஓரத்தில் வண்ணம் கசியும். நாள் முழுதும் நிரலோ கட்டுரையோ எழுதுகிறவருக்குக் கண் வலிக்கும். அப்படிப்பட்டவர் 120-இல் முழு வண்ணத்தோடு நிற்பதே மேல்.

என்விடியா கார்டுகளில் டிஎஸ்சி தொடர்பான ஒரு வரம்பையும் அறிந்துவைத்திருங்கள். கார்டுக்குள் திரைகளை இயக்கும் ஹெட் எனப்படும் அலகுகள் நான்கு. மிக அதிக பிக்சல் வேகத்தில் டிஎஸ்சி ஓடும் மானிட்டர், ஒன்றுக்குப் பதில் இரண்டு ஹெட்டுகளை எடுத்துக்கொள்ளும். 4கே 240 மானிட்டர் இரண்டு வைத்திருப்பவர் மூன்றாவதாக ஒரு சின்னத் திரையைச் செருகும்போது அது எரியாமல் போவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். போர்ட் காலியாக இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை என்று கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. ஒரு மானிட்டரின் ஹெர்ட்ஸைக் குறைத்துப் பாருங்கள், மூன்றாவது திரைக்கு உயிர் வந்தால் விடை அதுதான்.

டிஸ்ப்ளேபோர்ட் 2.1 என்ற பெயரைப் பார்த்தும் உடனே மயங்க வேண்டாம். அதற்குள் மூன்று வேகங்கள் உண்டு: யுஎச்பிஆர்10, யுஎச்பிஆர்13.5, யுஎச்பிஆர்20. படத்துக்குக் கிடைப்பது முறையே சுமார் 38.7, 52.2, 77.4. மூன்றுக்கும் பெட்டியில் அதே 2.1 என்றே எழுதலாம். 4கே 240 ஹெர்ட்ஸை 10 பிட்டில் சுருக்காமல் அனுப்ப 68.56 வேண்டும், அதற்கு யுஎச்பிஆர்20 கார்டிலும் மானிட்டரிலும் கேபிளிலும் இருந்தாக வேண்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசை கேமிங் கார்டுகள் யுஎச்பிஆர்13.5 வரை, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை யுஎச்பிஆர்20 வரை. உங்கள் இரண்டு மானிட்டர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

எச்டிஎம்ஐ 2.1: கவனமாகப் படித்து வாங்க வேண்டிய இடம்

கார்டில் உள்ள எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டைச் சும்மா விடுவானேன் என்று தோன்றும். 4கே மானிட்டரில் உண்மையான 48 வேக எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 4கே 144, 10 பிட், மொத்தம் 39.19, சுருக்கமே இல்லாமல் போகும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ஐவிட இந்த ஒரு விஷயத்தில் அது உசத்தி.

சிக்கல் என்னவென்றால், எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதிய எல்லா மானிட்டரும் 48 தருவதில்லை. எச்டிஎம்ஐ தரத்தை வகுக்கும் அமைப்பு 2.0 என்ற பெயரையே விலக்கிவிட்டு, பழைய அம்சங்களையும் 2.1-க்குள் அடக்கிவிட்டது. புதிய வேகங்கள் எல்லாம் விருப்ப அம்சங்கள். அதனால் பழைய 18 வேகத்தில் ஓடும் போர்ட்டுக்குக்கூட 2.1 என்று பெயர் வைக்க முடியும். எஃப்ஆர்எல் எனப்படும் புதிய முறையில் ஓடும் போர்ட்டுகளிலும் 24, 32, 40, 48 என்று படிகள். 40-இல் படத்துக்குக் கிடைப்பது சுமார் 35.5, 4கே 144-ஐ 8 பிட்டில் ஏற்கும், 10 பிட்டில் சுருக்காமல் ஏற்காது. 24-இல் கிடைப்பது 21.3, 4கே 120-க்குக்கூட டிஎஸ்சி தேவை. மானிட்டரின் விவரப் பக்கத்தில் எச்டிஎம்ஐ 2.1 என்ற வார்த்தையைத் தேடாதீர்கள். எச்டிஎம்ஐ வழியே அதிகபட்சம் எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை பிட், எஃப்ஆர்எல் வேகம் எவ்வளவு, டிஎஸ்சி உண்டா என்று தேடுங்கள். கையேட்டில் உள்ள டைமிங் அட்டவணையில் எச்டிஎம்ஐக்கும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் தனித்தனி நெடுவரிசை இருக்கும். விற்பனைப் பக்கத்தைவிட அந்த அட்டவணையை நம்பலாம்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஎம்டியின் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-இன் முழு வேகத்தைச் சேர்க்க முயன்றபோது, எச்டிஎம்ஐ அமைப்பு அனுமதிக்கவில்லை என்று 2024-இல் தெரியவந்தது. ஏஎம்டி கார்டும் லினக்ஸும் என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டோடு நின்றுகொள்வதே நிம்மதி.

கேபிள்

டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கேபிள் என்று விற்கிறார்கள். அப்படி ஒரு பதிப்பு கேபிளுக்குக் கிடையாது. ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளிலும் படத் தரவு போகும் நான்கு தடங்களும் இருக்கும். வேறுபடுவது எந்த வேகம் வரை சிக்னல் சிதையாமல் போகிறது என்பது மட்டுமே. அதைச் சோதித்துச் சான்று தருவது டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பு. சாதாரணக் கேபிள் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகம் வரை, டிபி8கே சான்றுள்ள கேபிள் 1.4-இன் முழு வேகம் வரை, டிபி40 யுஎச்பிஆர்10 வரை, டிபி80 யுஎச்பிஆர்20 வரை. 16கே, 80 ஜிபி என்று உறையில் பெரிதாக அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது, சான்று முத்திரையைத் தேடுங்கள். மானிட்டரோடு பெட்டியில் வரும் கேபிள் பெரும்பாலும் அந்த மானிட்டருக்குச் சரியானதுதான். முதலில் அதையே போட்டுப் பாருங்கள்.

நீளம் மிக முக்கியம். 1.4 வேகத்துக்குச் சாதாரணச் செம்புக் கேபிளில் 2 மீட்டர் வரை நம்பிப் போகலாம். 3 மீட்டரில் ஒன்று ஓடும், அதே வகையில் இன்னொன்று ஓடாது. டிபி80 செம்புக் கேபிள்கள் 1 மீட்டரை ஒட்டியே இருக்கும். மேசைக்கும் சிபியுவுக்கும் நடுவே 5, 10 மீட்டர் என்றால் ஒளியிழைக் கேபிள் வாங்குங்கள். அதன் ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறு முனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும். திருப்பிச் செருகினால் படமே வராது. சுவருக்குள் இழுத்து மூடுவதற்கு முன் எந்த முனை எங்கே என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மானிட்டரையும் ஆர்ம் எனப்படும் தாங்கு கையில் மாட்டியிருந்தால், கை முழுதும் நீண்டாலும் மடங்கினாலும் கேபிள் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் ஒரு பழைய தவறு இன்னும் வருகிறது. இணைப்பியின் 20-ஆவது பின்னில் 3.3 வோல்ட் மின்சாரம் உண்டு. அது அடாப்டர்களுக்காக வைத்தது. மானிட்டருக்கும் கணினிக்கும் நடுவே போகும் கேபிளில் அந்தப் பின்னை இணைக்கவே கூடாது. இணைத்துவிட்டால் மானிட்டரிலிருந்து கார்டுக்குள் மின்சாரம் திரும்பிப் பாயும். கணினியை அணைத்த பிறகும் உள்ளே விளக்கு மினுக்குவது, ஒருமுறை அணைத்தால் கேபிளைக் கழற்றிய பிறகே மறுபடி இயங்குவது போன்றவை அதன் அடையாளம். அப்படிப்பட்ட கேபிளைக் கண்டால் வேறு எதற்கும் வைத்துக்கொள்ளாமல் தூக்கி எறியுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிள் தேர்வு எளிது: 48 வேகத்துக்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு, 18 வேகத்துக்கு பிரீமியம் ஹை ஸ்பீடு. இரண்டிலும் கைபேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை இருக்கும். தங்க முலாம், பின்னிய உறை இவற்றால் வேகம் கூடாது.

இரண்டு மானிட்டர் என்பதால் மட்டும் வரும் சிக்கல்கள்

மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் ஒரு மானிட்டரையும் கார்டில் இன்னொன்றையும் செருகும் தவறு அடிக்கடி நடக்கிறது. மதர்போர்டுப் போர்ட், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடு சேர்ந்தது. படம் வரும்; ஆனால் விளையாட்டை அந்தத் திரைக்கு நகர்த்தினால் ஒவ்வொரு ஃபிரேமும் கார்டிலிருந்து நகலாகி அங்கே போக வேண்டும். வேகம் குறையும், தாமதம் கூடும். இரண்டும் ஒரே கார்டில்தான் இருக்க வேண்டும்.

ஒரே கேபிளில் இரண்டு மானிட்டர்களைச் சங்கிலியாக இணைக்கும் எம்எஸ்டி முறை அலுவலகத் திரைகளுக்கு நல்லது. 1440பி 60 ஹெர்ட்ஸ் இரண்டு என்றால் மொத்தமே 11.26; டிஸ்ப்ளேபோர்ட் 1.2-க்கே அது லேசு. ஹை ரெஃப்ரெஷுக்கு அது பொருந்தாது. இரண்டு 1440பி 144 மானிட்டர்களுக்கே 28.16 ஆகிவிடும், 25.92-ஐத் தாண்டிவிடும். உங்கள் இரண்டையும் கூட்டினால் 47.65. சங்கிலியில் போட்டால் ரெஃப்ரெஷ் ரேட்டை விளையாட்டோடு ஒத்திசைக்கும் அடாப்டிவ் சிங்க் வசதியும் பெரும்பாலும் போய்விடும். மேக் கணினிகளில் எம்எஸ்டி வழியே இரண்டு தனித்தனித் திரைகள் வரவே வராது. இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும்.

சும்மா இருக்கும்போதும் கார்டு சூடாவது அடுத்தது. ஒரே மானிட்டர் இருக்கையில் வேலையில்லாத நேரத்தில் கார்டின் நினைவக வேகம் இறங்கிவிடும். வேகத்தை மாற்ற ஒரு மிகச் சிறிய இடைவெளி வேண்டும். ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள வெற்று நேரத்தில்தான் அதைச் செய்கிறது. இரண்டு மானிட்டர்கள் வெவ்வேறு ஹெர்ட்ஸில் ஓடினால் இரண்டின் வெற்று நேரமும் ஒன்றாகச் சேராது. கார்டு நினைவகத்தை உயர்ந்த வேகத்திலேயே வைத்துவிடும். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப்பில் இரண்டையும் 144-இலோ 120-இலோ ஒரே எண்ணில் வைத்துப் பாருங்கள். உங்கள் 165 மானிட்டரை 144-க்கு இறக்குவதில் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு படி இறக்கியதுமே மின் செலவு கணிசமாகக் குறைவதைப் பல கார்டுகளில் பார்க்கலாம். எந்த எண்ணில் குறைகிறது என்பது கார்டுக்குக் கார்டு, டிரைவருக்கு டிரைவர் மாறும். ஒவ்வொரு படியாக மாற்றி நினைவக வேகத்தைக் கவனியுங்கள்.

வேறுவேறு ஹெர்ட்ஸில் இரண்டு திரைகள் இருந்தால் வேகமான திரை திக்கும் என்ற பழைய புகார் விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்புக்கு முந்தையது. அதன் பிறகு வந்தவற்றில் ஒவ்வொரு திரையும் தன் வேகத்தில் ஓடும். லினக்ஸில் எக்ஸ்11 என்ற பழைய திரை முறையில் இந்தத் தொல்லை இன்னும் இருக்கிறது, புதிய முறையான வேலேண்டுக்கு மாறுங்கள்.

லேப்டாப், டாக், அடாப்டர்

லேப்டாப்பிலிருந்து இணைப்பவர்களுக்கு ஒரு சொல். யுஎஸ்பி-சி என்பது வெறும் துளையின் வடிவம். அதில் படம் வருமா என்பதே லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். படம் வரும் போர்ட்டிலும் நான்கு தடங்களில் எத்தனை படத்துக்குக் கிடைக்கிறது என்பது முக்கியம். மானிட்டரிலோ டாக்கிலோ வேகமான யுஎஸ்பி ஹப் இருந்தால் இரண்டு தடம் அதற்குப் போய்விடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தில் மீதி இரண்டு தடத்தில் கிடைப்பது 12.96. 1440பி 120-க்கு 11.59 என்பதால் அது போகும், 144-க்கு 14.08 என்பதால் போகாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் யுஎஸ்பி-சியில் மட்டும் 120 காட்டினால் காரணம் இதுதான். மானிட்டர் மெனுவில் யுஎஸ்பி வேகத்தை 2.0-க்கு இறக்கும் அமைப்பு இருக்கும். அதை மாற்றினால் நான்கு தடமும் படத்துக்கே திரும்பும். ஹப்பில் செருகிய ஹார்டு டிஸ்க் மெதுவாகும், அதை மட்டும் நேராக லேப்டாப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

தண்டர்போல்ட் 4 டாக்கில் இரண்டு 4கே 60 திரைகள் உறுதி. அதற்கு மேல் என்ன கிடைக்கும் என்பதை டாக்கின் அட்டவணையில் பார்த்தே வாங்க வேண்டும். டிஸ்ப்ளேலிங்க் டாக்குகள் படத்தைப் பிராசசரில் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்புபவை. அட்டவணைக்கும் மின்னஞ்சலுக்கும் போதும், 144 ஹெர்ட்ஸ் விளையாட்டுக்கு வேண்டாம். பல லேப்டாப்புகளில் யுஎஸ்பி-சி உள் கிராபிக்ஸோடும் எச்டிஎம்ஐ தனிக் கார்டோடும் இணைந்திருக்கும். முதன்மைத் திரையைத் தனிக் கார்டின் போர்ட்டில் வையுங்கள். எது எதோடு என்பதை என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் பகுதியில் உள்ள படம் காட்டிவிடும்.

அடாப்டர் முடிந்தவரை வேண்டாம். தவிர்க்கவே முடியாவிட்டால் திசையைப் பாருங்கள்: டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவது வேறு பொருள், எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போவது வேறு பொருள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் தனியாக யுஎஸ்பி மின்சாரமும் வேண்டும். சில்லு இல்லாத மலிவு அடாப்டர்கள் 1080பி 60-க்கோ 4கே 30-க்கோ மேல் போகாது.

இணைத்த பிறகு

கேபிளை மாற்றியவுடன் ஹெர்ட்ஸ் தானாக ஏறாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். மேலே எந்த மானிட்டர் என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ரெஃப்ரெஷ் ரேட்டை வையுங்கள். அதே பக்கத்தில் பிட் ஆழமும் வண்ண வகையும் தெரியும். அங்கே ஆர்ஜிபி என்று இல்லாமல் ஒய்சிபிசிஆர் 422 அல்லது 420 என்று இருந்தால் வண்ணத் தகவல் வெட்டுப்படுகிறது. டெஸ்க்டாப் மோடும் ஆக்டிவ் சிக்னல் மோடும் வெவ்வேறு அளவு காட்டினால், படம் வேறு தெளிவில் போய் நீட்டப்படுகிறது என்று பொருள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிசி என்ற தலைப்பின் கீழுள்ள தெளிவைத் தேர்ந்தெடுங்கள், அல்ட்ரா எச்டி, எச்டி என்ற தலைப்பின் கீழ் உள்ளதை அல்ல. எச்டிஎம்ஐயில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அதே இடத்தில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல் ஆக்குங்கள்.

1440பி மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறிய பிறகும் 165 வரவில்லையா? சில மாடல்களில் 144 தான் இயல்பு வேகம். 165-ஐ மானிட்டரின் சொந்த மெனுவில் ஓவர்கிளாக் என்ற அமைப்பை இயக்கினால்தான் பட்டியலில் வரும்.

கறுப்பு அடிப்பது நிற்கவில்லை என்றால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். முதலில் அந்த மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டை 144-லிருந்து 60-க்கு இறக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். நின்றுவிட்டால் சிக்னல் வேகம்தான் காரணம், அநேகமாகக் கேபிள். அடுத்து இரண்டு மானிட்டரின் கேபிள்களையும் தமக்குள் மாற்றுங்கள். கறுப்பும் கேபிளோடு சேர்ந்து இடம் மாறினால் கேபிள் கெட்டது. மாறாமல் அதே மானிட்டரில் இருந்தால் கார்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கும் வந்தால் மானிட்டரின் மறு போர்ட். விளையாட்டின்போது மட்டும் கறுத்து, டெஸ்க்டாப்பில் ஒன்றும் ஆகாவிட்டால் கேபிளை விட்டுவிட்டு மானிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்கை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். முழுத்திரை விளையாட்டிலிருந்து ஆல்ட்-டேப் அடிக்கும்போது மட்டும் ஓரிரு விநாடி கறுத்தால் அது டிஎஸ்சி இணைப்பு மறுபடி அமைவதாக இருக்கலாம். விளையாட்டை பார்டர்லெஸ் விண்டோவில் ஓட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேபிளைக் கழற்றும்போது டிஸ்ப்ளேபோர்ட் முனையின் மேலுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டே இழுங்கள். பூட்டுள்ள கேபிளை அழுத்தாமல் பிடுங்கினால் கொக்கி போர்ட்டின் உறையை நெளித்துவிடும். மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் நெருக்கமாக இருக்கும் கார்டில் நடுவில் உள்ளதைக் காலியாக விட்டு முதலாவதிலும் மூன்றாவதிலும் செருகினால், பின்னால் கை விட்டு அந்தப் பொத்தானை அழுத்த விரலுக்கு இடம் கிடைக்கும்.